மசாய் மாராவில் சிங்கத்தைப் படமெடுக்க: பை கட்டுவதிலிருந்து படம் தேர்வது வரை

முதல் தடவை கென்யா போய்த் திரும்பியபோது கார்டில் நாலாயிரத்துச் சொச்சம் படங்கள் இருந்தன. சிங்கம் மட்டுமே ஆயிரத்தைத் தாண்டும். ஊருக்கு வந்து நிதானமாக உட்கார்ந்து பார்த்தால், ஆயிரமும் ஒரே படம்தான். உச்சி வெயில், ஒரு மரம், அதன் நிழலில் யாரோ உதறிப் போட்ட கம்பளி மாதிரி ஒரு சிங்கம். எல்லாமே வேனின் கூரைத் திறப்பில் நின்றபடி மேலிருந்து கீழாக எடுத்தவை. கோயில் தூணில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் சிங்கத்தையும், அம்மனைச் சுமந்துகொண்டு பாயும் சிம்ம வாகனத்தையும் பார்த்தே வளர்ந்தவன் நான். நிஜச் சிங்கம் ஒரு நாளில் இருபது மணி நேரம் வரை சும்மா படுத்துக் கிடக்கும் என்று படித்திருந்தும் அது மண்டையில் ஏறவில்லை.

இரண்டு வருடம் கழித்து மறுபடி போனேன். கேமரா அதேதான், லென்ஸும் அதேதான். வண்டியை மாற்றினேன், தங்கும் இடத்தை மாற்றினேன், ஒரே சிங்கக் கூட்டத்தோடு பாதி நாளைக் கழிக்கத் துணிந்தேன். படங்கள் வேறு யாரோ எடுத்தவை போல வந்தன. கீழே வருவது அந்த இரண்டு பயணங்களில் கற்றது. லென்ஸைவிட வண்டியைப் பற்றி அதிகம் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கே, எந்த மாதம்

மசாய் மாரா தேசியக் காப்பகம் கென்யாவின் தென்மேற்கில், நாரோக் மாவட்டத்தில் இருக்கிறது. பரப்பு ஏறக்குறைய 1,510 சதுர கிலோமீட்டர். தெற்கே தான்சானியாவின் செரெங்கெட்டி தேசியப் பூங்கா. நடுவில் வேலி கிடையாது, விலங்குகளுக்கு எல்லையும் கிடையாது. மாரா ஆற்றுக்கு மேற்கே உள்ள முக்கோணப் பகுதியை 'மாரா டிரையாங்கிள்' என்பார்கள். 2001 முதல் அதை ஒரு தனி அமைப்பு நிர்வகிக்கிறது. காப்பகத்துக்கு வடக்கிலும் கிழக்கிலும் மசாய் மக்கள் தங்கள் நிலத்தைக் குத்தகைக்கு விட்டு உருவான 'கன்சர்வன்சி'கள் இருக்கின்றன: மாரா நார்த், ஓலாரே மோட்டோரோகி, நபோய்ஷோ, ஓல் கின்யேய் போன்றவை.

படமெடுப்பவருக்கு இந்தப் பிரிவுதான் முக்கியம். பிரதான காப்பகத்தில் தடத்தை விட்டு வண்டி இறங்கக் கூடாது. சிங்கம் தடத்திலிருந்து அறுபது மீட்டர் தள்ளிப் புல்லுக்குள் படுத்திருந்தால் அறுபது மீட்டர்தான். கன்சர்வன்சிகளில் கைடின் பொறுப்பில் தடத்தை விட்டு இறங்கலாம், இரவுச் சுற்றும் உண்டு, வண்டிகளின் எண்ணிக்கையும் மிகக் குறைவு. பதிலாக அங்கே உள்ள முகாம்களில்தான் தங்க வேண்டும், வாடகை கூடுதல். மொத்தம் ஆறு இரவு என்றால் நாலைக் கன்சர்வன்சியிலும் இரண்டைக் காப்பகத்திலும் வைப்பேன். பணம் போதாது என்றால் இரவுகளைக் குறைப்பேனே தவிர இடத்தை மாற்ற மாட்டேன்.

மாதத்தைப் பொறுத்தவரை, வில்டபீஸ்ட் எனும் பெரிய மான் இனத்தின் கூட்டங்கள் செரெங்கெட்டியிலிருந்து மாராவுக்குள் வரும் ஜூலை முதல் அக்டோபர் வரை எல்லோரும் போகிறார்கள். சிங்கத்துக்கு இரை கொட்டிக் கிடக்கும் காலம் அது. வண்டிகளும் கொட்டிக் கிடக்கும். ஆனால் சிங்கம் மாராவில் ஆண்டு முழுவதும் தன் எல்லைக்குள்ளேயே இருக்கும் விலங்கு, வில்டபீஸ்டைப் போல இடம் பெயர்வதில்லை. ஆகவே ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் எனக்குப் பிடிக்கும். புல் அதிகம் உயர்ந்திருக்காது, கூட்டம் இருக்காது. ஏப்ரல், மே பெருமழைக்காலம். அந்தக் கருமேகப் பின்னணிக்காகவே வேண்டுமென்று போகிறவர்களும் உண்டு. அவர்கள் சேற்றில் சிக்கிய வண்டியைத் தள்ளவும் தயாராக இருக்க வேண்டும்.

காப்பகக் கட்டணம் வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர் என்று 2024-ல் ஆனது. கிளம்பும் முன் நடப்புக் கட்டணத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். பயணச் செலவில் கணிசமான பங்கு இதுவாகவே இருக்கும். "பேக்கேஜில் எல்லாம் அடக்கம்" என்று சொல்பவரிடம் இது அடக்கமா என்று எழுத்தில் கேளுங்கள்.

கிளம்பும் முன் நாலு வேலை

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை முதலில் முடியுங்கள். கென்யாவிலிருந்து இந்தியா திரும்பும்போது சான்றிதழ் இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலில் உட்கார வேண்டியதுதான். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். பயண வாரத்தில் போய் நின்றால் காரியம் கெட்டுவிடும். மலேரியா மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

கென்யா 2024 ஜனவரி முதல் விசாவை எடுத்துவிட்டு மின்னணுப் பயண அனுமதி முறையைக் கொண்டுவந்தது. இணையத்திலேயே விண்ணப்பித்துவிடலாம். பிளாஸ்டிக் கைப்பைகளுக்கு அங்கே 2017 முதல் தடை. லென்ஸைச் சுற்றி வைக்க நாம் எடுத்துப் போகும் கேரி பேக் அங்கே சட்டவிரோதம். துணிப்பை கொண்டு போங்கள்.

நைரோபியிலிருந்து மாராவுக்குச் சாலையில் ஐந்து, ஆறு மணி நேரம். வில்சன் விமான நிலையத்திலிருந்து சின்ன விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், ஆனால் மொத்தச் சுமை ஒருவருக்கு 15 கிலோதான். அதுவும் மெத்தென்ற பையாக இருக்க வேண்டும், சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி கூடாது. கேமரா பை மட்டுமே எட்டு கிலோ வந்தால் துணிமணிக்கு ஏழு கிலோ. போதும், அங்கே யாரும் உங்கள் சட்டையைப் பார்க்க மாட்டார்கள். நீலமும் கருப்பும் மட்டும் தவிருங்கள், கடிக்கும் ட்செட்சி ஈயை அந்த நிறங்கள் ஈர்க்கும். மாரா 1,500 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால் விடியற்காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் கை நடுங்கும். நடுங்கும் கையால் 600 மி.மீ. லென்ஸைப் பிடித்துப் பயனில்லை.

வண்டி: பாதிப் படம் இங்கேதான் தீர்மானமாகிறது

என் முதல் பயணத்தின் பிழை மொத்தமும் வண்டியில்தான். ஆறு பேர் பகிர்ந்துகொண்ட மினி வேன். சிங்கத்தைப் பார்த்தால் இருவர் செல்ஃபி எடுப்பார்கள், ஒருவர் "போதும், சிறுத்தை பார்க்கலாம்" என்பார், எட்டு நிமிடத்தில் வண்டி கிளம்பிவிடும். அவர்கள் மேல் தப்பில்லை. சுற்றிப் பார்க்க வந்தவருக்கும் படமெடுக்க வந்தவருக்கும் நேரக் கணக்கு வேறு. யாரும் காலை முழுவதும் தூங்கும் மிருகத்தைப் பார்க்கக் காசு கொடுப்பதில்லை, நம்மைப் போன்ற சிலரைத் தவிர.

ஆகவே புதிய லென்ஸ் வாங்க வைத்திருக்கும் பணத்தில் தனி வண்டி எடுங்கள். தனியாகக் கட்டுப்படியாகாது என்றால் படமெடுக்கும் ஆர்வமுள்ள மூன்று பேராகச் சேருங்கள், ஆளுக்கு ஒரு வரிசை இருக்கும்படி. பேசும்போதே கேட்க வேண்டியவை: பக்கவாட்டு ஜன்னல் முழுவதும் திறக்குமா? கண்ணாடியே இல்லாத திறந்த பக்கங்கள் கொண்ட வண்டியா? கதவு அல்லது தரை மட்டத்தில் கேமராவை வைத்து எடுக்க வழியுண்டா?

காரணம், உயரம். கூரைத் திறப்பில் நின்றால் கேமரா தரையிலிருந்து இரண்டரை மீட்டருக்கு மேல் இருக்கும். சிங்கத்தின் கண் முக்கால், ஒரு மீட்டரில். படுத்திருந்தால் இன்னும் கீழே. மேலிருந்து எடுத்தால் சிங்கத்துக்குப் பின்னால் தெரிவது புல்தரை மட்டுமே. ஜன்னலுக்கு இறங்கினால் பின்னணி தூரத்து மேடாகவும் வானமாகவும் மாறும், மங்கித் தனியே விலகும், சிங்கம் எழுந்து நம் முன் நிற்கும். அதே சிங்கம், அதே லென்ஸ், ஒரு மீட்டர் இறக்கம்தான் வித்தியாசம். தூரம் கூடக்கூட இந்தக் கோண வித்தியாசம் குறையும். தொலைவில் உள்ள சிங்கத்துக்குக் கூரையில் நின்றாலும் பெரிய இழப்பில்லை, பக்கத்தில் வரவர இறங்கிவிடுங்கள்.

டிரைபாடை வீட்டில் விடுங்கள். வண்டிக்குள் விரிக்க இடமில்லை. ஜிப் வைத்த ஒரு துணிப்பையைக் காலியாக எடுத்துப் போய், முகாமின் சமையலறையில் இரண்டு மூன்று கிலோ அரிசியோ பயறோ கேட்டு நிரப்பி, ஜன்னல் விளிம்பில் போட்டு அதன் மேல் லென்ஸைக் கிடத்துங்கள். ஊருக்குக் கிளம்பும் நாள் தானியத்தைச் சமையற்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். படமெடுக்கும்போது இன்ஜினை அணைக்கச் சொல்வது கட்டாயம். டீசல் இன்ஜினின் அதிர்வு 600 மி.மீ.-ல் நன்றாகவே தெரியும். வண்டிக்குள் யாரும் எழுந்து நகரக் கூடாது என்றும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

கைடிடம் என்ன பேசுவது

முதல் நாளே உட்கார்ந்து பத்து நிமிடம் பேசுங்கள். "ஐந்து பெரிய விலங்குகளையும் பார்க்க வேண்டும்" என்ற வழக்கமான பட்டியல் (சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை) உங்களுக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு கூட்டத்தைக் கண்டுபிடித்து அதோடு இருக்க விரும்புகிறீர்கள் என்று சொல்லுங்கள். கைடுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வண்டி வானொலியில் எங்கே சிறுத்தை என்று அறிவிப்பு வந்தாலும் ஓட வேண்டாம் என்று சொல்லுங்கள். கைடுக்கு இதைக் கேட்டால் முகம் மலரும். விருந்தினர் பொறுமை இழந்துவிடுவார்களோ என்ற பயத்திலேயே அவர் மற்ற நாட்களில் வண்டி ஓட்டுகிறார்.

பிறகு வெளிச்சத்தைப் பற்றிப் பேசுங்கள். "சூரியன் நம் முதுகுக்குப் பின்னால்" என்பது ஒரு நிலை, "சூரியன் சிங்கத்துக்குப் பின்னால்" என்பது இன்னொன்று. இரண்டையும் கை சைகையிலேயே சொல்லப் பழகிக்கொண்டால் சிங்கத்தின் முன் சத்தம் போட வேண்டியிராது. எங்கள் கைடு சிங்கத்தை சிம்பா என்றுதான் சொல்வார், சுவாஹிலியில் அதுதான் பெயர். பைனாகுலரில் பார்த்துவிட்டு "சிம்பா அமேலாலா" என்பார், அதாவது தூங்கிவிட்டது. நான் தலையாட்டினால் ஃபிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றுவார். நாளில் நூறு முறை கேட்ட வாசகம் அது.

பைக்குள் என்ன

ஒரு கணக்கைப் பாருங்கள். முழுச்சட்டக (ஃபுல் ஃபிரேம்) சென்சாரில் 600 மி.மீ. லென்ஸ் 25 மீட்டர் தூரத்தில் காட்டும் அகலம் ஒன்றரை மீட்டர்தான். ஆண் சிங்கத்தின் உடலே, வாலை விட்டுவிட்டால்கூட, அதைவிட நீளம். 300 மி.மீ.-ல் மூன்று மீட்டர் அகலம் கிடைக்கும், சிங்கம் முழுதாக அடங்கும். 100 மி.மீ.-ல் ஒன்பது மீட்டர்: சிங்கம், மரம், வானம் எல்லாம் சேரும். மாராவில் சிங்கங்கள் வண்டிக்குப் பழகியவை, நெருக்கமாகவே கிடைக்கும். ஆகவே ஒரே குவியத்தூரம் கொண்ட 600 மி.மீ. ராட்சத லென்ஸைவிட ஜூம்தான் இங்கே கைகொடுக்கும்.

கேனனில் 100-500, நிக்கானில் 180-600, சோனியில் 200-600, பழைய டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்களுக்கு சிக்மா 150-600. இவற்றில் எதுவும் போதும். இரண்டாவது கேமரா பாடி ஒன்று கடன் வாங்கியாவது கொண்டுபோய் அதில் 24-105 அல்லது 70-200 மாட்டிவையுங்கள். வண்டிக்குள் லென்ஸ் மாற்றினால் சென்சாரில் மாராவின் புழுதி குடியேறிவிடும். அதோடு, மாற்றிக்கொண்டிருக்கும் அந்த அரை நிமிடத்தில்தான் சிங்கம் எழும்.

மற்றவை: காற்றடிக்கும் ரப்பர் பம்ப், மழையுறை, துண்டு, மூன்று பேட்டரி, நம் ஊர் பிளக் அங்கே நுழையாது என்பதால் மூன்று சதுரக் கால் கொண்ட பிரிட்டிஷ் வகை அடாப்டர். சில முகாம்களில் மின்சாரம் குறிப்பிட்ட நேரம்தான், அதனால் வந்ததும் சார்ஜ் போடுவது பழக்கமாகட்டும். ஃபிளாஷ் எடுத்துப் போக வேண்டாம்.

கேமராவில் என்ன வைப்பது

நான் மேனுவல் மோடும் ஆட்டோ ஐஎஸ்ஓவும் வைத்துக்கொள்கிறேன். ஷட்டர் வேகமும் லென்ஸின் திறப்பான அப்பர்ச்சரும் என் கையில், வெளிச்சம் மாறும்போது ஐஎஸ்ஓ, அதாவது சென்சாரின் ஒளியுணர்வு, தானாக ஏறி இறங்கும். ஐஎஸ்ஓ 6400 என்றால் பலருக்கு நெஞ்சு படபடக்கிறது. ஐஎஸ்ஓ ஏறினால் புள்ளி புள்ளியாக வரும் இரைச்சலை மென்பொருளில் பெருமளவு நீக்கிவிடலாம். ஆடிப்போன படத்தை எதுவும் காப்பாற்றாது.

படுத்திருக்கும், உட்கார்ந்திருக்கும் சிங்கத்துக்கு 1/500 நொடி போதும். நடந்தால் 1/800. குட்டிகள் கட்டிப் புரண்டால் 1/1250-க்கு மேல். ஓட்டம், சண்டை, மழைக்குப் பின் பிடரியை உதறுதல் எல்லாவற்றுக்கும் 1/2000. விடியலுக்கு முன் வெளிச்சமே இல்லாதபோது, நடக்கும் சிங்கத்தோடு கேமராவையும் நகர்த்தி 1/30-ல் எடுத்துப் பாருங்கள். முப்பதில் ஒன்று தேறும். அந்த ஒன்று பிடரி மட்டும் காற்றில் கரைவதுபோல் இருக்கும்.

அப்பர்ச்சரைத் திறந்தே வைக்கும் பழக்கம் ஓர் இடத்தில் காலை வாரிவிடும். 600 மி.மீ., எஃப் 6.3, 25 மீட்டர் என்றால் கூர்மையாக இருக்கும் ஆழம் ஏறக்குறைய 65 சென்டிமீட்டர், பிரச்சினை இல்லை. சிங்கமே நடந்து வண்டியிலிருந்து 10 மீட்டருக்கு வந்துவிட்டால் அது 10 சென்டிமீட்டராகச் சுருங்கும். மூக்கு கூர்மை, கண் மங்கல். அப்போது ஜூமைக் குறையுங்கள், அப்பர்ச்சரை எஃப் 8-க்குச் சுருக்குங்கள். இரண்டு முகங்கள் முன்பின்னாக இருந்தால் எஃப் 11 வரைகூடப் போகலாம்.

புதிய மிரர்லெஸ் கேமராக்களின் விலங்குக் கண் ஃபோகஸ் சிங்கத்திடம் நன்றாகவே வேலை செய்கிறது, புல் குறுக்கே வரும்வரை. முகத்தின் முன் நாலு புல் ஆடினால் கேமரா புல்லைப் பிடித்துக்கொள்ளும். ஒற்றைப் புள்ளி ஃபோகஸுக்கு மாற ஒரு பட்டனை ஒதுக்கிவைத்து, கண்ணை மூடிக்கொண்டு அழுத்தும் அளவுக்கு வீட்டிலேயே பழகுங்கள். தெருநாய்கள் இதற்கு அருமையான மாதிரிகள். தூங்குவது, கொட்டாவி விடுவது, காரணமே இல்லாமல் எழுந்து ஓடுவது எல்லாம் அவற்றிடமும் உண்டு.

எக்ஸ்போஷரில், அதாவது படத்தின் வெளிச்ச அளவில், ஒரு வசதி: காய்ந்த புல்லும் சிங்கத்தின் தோலும் ஒரே மாதிரி நடுத்தர நிறம். கேமராவின் கணிப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கருத்த பிடரி கொண்ட ஆண் சட்டகத்தை அடைத்துக்கொண்டால் அரை ஸ்டாப் குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). சூரியன் பின்னாலிருந்து பிடரி விளிம்பு மட்டும் ஒளிரும்போது ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் வரை குறையுங்கள், பின்னணி இருட்டாக இருக்கும் கோணத்தைத் தேடுங்கள். படங்களை ரா (கேமரா திருத்தாத மூலக் கோப்பு) வடிவில் எடுங்கள்.

வெளிச்சம்: ஒரு மணி நேரக் கொடை

மாரா நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை பாகை தெற்கே இருக்கிறது. ஆண்டு முழுவதும் சூரியன் ஆறரையை ஒட்டியே உதிக்கும், ஏறக்குறைய நேர்குத்தாக ஏறும். உதித்து ஒரு மணி நேரத்தில் 15 பாகை, இரண்டு மணி நேரத்தில் 30 பாகை. பொன்னிற வெளிச்சம் என்று சொல்லிக்கொள்ளும் நேரம் காலை ஏழே முக்கால் மணிக்கெல்லாம் முடிந்துவிடும். காப்பகத்தின் வாயில்கள் ஆறு மணிக்குத் திறக்கின்றன. வாயிலுக்கு வெளியே தங்கி, ஆறரைக்குக் காபி குடித்து, ஏழு மணிக்கு உள்ளே நுழைந்து, சிங்கத்தைக் கண்டுபிடிக்கும்போது எட்டு. என் முதல் பயணம் முழுக்க இப்படித்தான் போயிற்று. உள்ளேயே அல்லது கன்சர்வன்சியில் தங்கி, முந்தைய மாலை சிங்கத்தை விட்டுவந்த இடத்துக்கு இருட்டோடு இருட்டாகப் போய் நிற்பதுதான் வழி. மாலையிலோ வெளிச்சம் கனியும் நேரத்தில் ஆறு, ஆறரைக்குள் முகாம் திரும்ப வேண்டிய கட்டாயம் வந்துவிடும். எனவே காலையைத் தவறவிடாதீர்கள்.

காலைச் சாப்பாட்டைப் பொட்டலமாகக் கட்டித் தரச் சொல்லுங்கள், எல்லா முகாமிலும் தருவார்கள். ஒன்பது மணிக்குத் திரும்பி வந்து பஃபே சாப்பிடுவதும் ஒரு சுகம்தான், மறுக்கவில்லை.

பத்து மணிக்குமேல் தரை சூடாகிக் காற்று அலையாட ஆரம்பிக்கும். எண்பது மீட்டர் தூரத்துச் சிங்கம் தண்ணீருக்குள் இருப்பதுபோல் நெளியும். இது லென்ஸின் கோளாறு இல்லை. எத்தனை லட்சம் கொடுத்து வாங்கியதானாலும் தீராது. அந்த நேரத்தில் மிகப் பக்கத்தில் இருப்பதை மட்டும் எடுங்கள்: பாதம், வால் நுனியின் கருங்குஞ்சம், ஈ மொய்க்கும் காது. மேகம் மூடிய நண்பகல் வந்தால் கொண்டாடுங்கள், முகப் படங்களுக்கு அது மென்மையான விளக்கு.

சிங்கத்தைப் படிப்பது

முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பழுப்புப் புல்லில் பழுப்பு விலங்கைத் தேடுவதைவிட மற்ற விலங்குகளைப் பார்ப்பது சுலபம். மூன்று ஒட்டகச்சிவிங்கிகள் ஒரே திசையை வெறித்துக்கொண்டிருந்தால், டோபி மான் ஒன்று மேய்வதை நிறுத்திச் சிலையாய் நின்றால், அவை பார்க்கும் இடத்தை பைனாகுலரில் பாருங்கள். கழுகுகள் மரத்தில் உட்கார்ந்தபடி கீழே இறங்காமல் காத்திருந்தால் இரையின் மேல் யாரோ இன்னும் இருக்கிறார்கள் என்று பொருள். விடியலுக்கு முன் கர்ஜனை கேட்டால் திசையைக் குறித்துக்கொள்ளுங்கள். அது எட்டு கிலோமீட்டர் வரை கேட்கும் என்பதால் சத்தத்தை நம்பி ஓடிப் பயனில்லை, கைடின் காதுக்கு விட்டுவிடுங்கள்.

பிறகு காத்திருத்தல். தூங்கும் கூட்டத்தில் மாற்றம் எப்படித் தொடங்கும் என்று ஒருமுறை பார்த்துவிட்டால் மறுமுறை நீங்களே சொல்லிவிடுவீர்கள். ஒன்று தலையைத் தூக்கும். திரும்பப் படுத்துவிடும். பத்து நிமிடம் கழித்து இன்னொன்று கொட்டாவி விடும். ஒரு கொட்டாவியோடு நிற்பது குறைவு, இரண்டு மூன்று அடுத்தடுத்து வரும், பக்கத்தில் இருப்பதற்கும் தொற்றும். முதல் கொட்டாவியில் கேமராவைத் தூக்குங்கள், இரண்டாவதில் அழுத்துங்கள். வாய் முழுக்கத் திறந்து கண் மூடியிருக்கும் கணத்தைவிட, வாய் மூடத் தொடங்கி உதடு இன்னும் சுருங்கியிருக்கும் கடைசிக் கணம் உறுமுவது போலவே இருக்கும். நாம் பார்த்து வியக்கும் 'கர்ஜிக்கும் சிங்கம்' படங்களில் கொட்டாவிகள் எத்தனை என்று எடுத்தவர்களைக் கேட்டால் சிரிப்பார்கள்.

கொட்டாவிக்குப் பிறகு எழுந்து முன்காலை நீட்டி உடம்பை முறிக்கும். அடுத்தது வாழ்த்து: ஒன்றின் தலையோடு இன்னொன்று தலையை உரசும், கழுத்தைத் தேய்க்கும், நக்கிவிடும். மாலை வெளிச்சத்தில் இது நடந்தால் உலகத்தை மறந்துவிடுங்கள். பெரும்பாலும் இதற்குப் பின் கூட்டம் கிளம்பும். கிளம்பும் திசை தெரிந்ததும் வண்டியை அதன் பின்னால் ஓட்டாமல் சுற்றிக்கொண்டு முன்னால் போய், வழியைத் தடுக்காமல் பக்கவாட்டில் நிறுத்தச் சொல்லுங்கள். சிங்கத்தின் பின்புறத்தை ஆயிரம் பேர் எடுத்திருக்கிறார்கள். நடையில் முன்கால் ஒன்று தரையை விட்டு உயர்ந்திருக்கும் கணம்தான் படத்துக்கு உயிர் தரும்.

வழியில் கரையான் புற்று இருக்கிறதா என்று பாருங்கள். மாராவின் சமவெளியில் உயரமான இடம் அதுதான், சிங்கம் ஏறி நின்று மேய்ச்சலை நோட்டம் விடும். புற்றுக்குப் பின்னால் வானம் வரும்படி வண்டியை முன்பே நிறுத்திவிட்டால், ஏறினால் உங்கள் அதிர்ஷ்டம். நான் மூன்று முறை இப்படி நிறுத்தினேன். இரண்டு முறை சிங்கம் புற்றைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது.

இணை சேரும் ஜோடி கிடைத்தால் விடாதீர்கள். மூன்று நான்கு நாள் கூட்டத்தை விட்டு ஒதுங்கியிருக்கும், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை போலச் சேரும், ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முடியும் நொடியில் பெண் சிங்கம் திரும்பிச் சீறி அறையும். படம் அந்தச் சீற்றத்தில்தான் இருக்கிறது. தவறவிட்டாலும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு டீ குடிக்கலாம், அடுத்த காட்சி வரும். சிங்கத்தோடு இவ்வளவு நேரம் தவறாத ஏற்பாடு வேறெதற்கும் கிடையாது.

குட்டிகள் வேறு கணக்கு. பிறந்து ஆறு, எட்டு வாரம் வரை தாய் அவற்றைப் புதரிலோ ஓடைப் பள்ளத்திலோ ஒளித்தே வைத்திருக்கும். அந்த வயதுக் குட்டி இருக்கும் இடத்தைக் கைடு சொன்னாலும் போக வேண்டாம். வண்டி நிற்கும் இடத்தைக் கழுதைப்புலியும் கவனிக்கும். கூட்டத்தோடு சேர்ந்த பிறகு எடுக்கலாம். குட்டியின் உயரத்துக்கு இறங்கி, தாயின் பாதம் பக்கத்தில் தெரியும்படி எடுத்தால் அளவு புரியும்.

வேட்டையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். பெரும்பாலும் இரவில்தான், பகலில் பாதி முயற்சிக்கு மேல் வீணாகும். பதுங்கும் பெண் சிங்கத்தைக் கண்டால் வண்டி நகரக் கூடாது. சிங்கத்துக்கும் இரைக்கும் நடுவில் போவது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. லென்ஸைக் குறைத்து 200, 300 மி.மீ.-க்கு வந்து, இரை ஓடிவரும் பக்கத்தை ஊகித்து அகலமாக வைத்துக்கொள்ளுங்கள். நெருக்கமாக வைத்தால் சட்டகத்துக்குள் தூசி மட்டும் மிஞ்சும்.

செய்யக் கூடாதவை

வண்டியை விட்டு இறங்காதீர்கள், ஜன்னலுக்கு வெளியே உடம்பை நீட்டாதீர்கள். சிங்கம் வண்டியை ஒரே பொருளாகப் பார்க்கும்வரைதான் அது நம்மைச் சட்டை செய்யாது. விசில், கைதட்டல், கதவைத் தட்டி எழுப்புதல் எதுவும் கூடாது. ஓர் இடத்தில் ஒரே நேரம் ஐந்து வண்டிகளுக்கு மேல் நிற்கக் கூடாது என்பது மாராவின் விதி. ஆறாவதாகப் போனால் தள்ளி நின்று முறைக்குக் காத்திருங்கள். மற்றவர்கள் காத்திருந்தால் நீங்களும் விட்டுக்கொடுக்க வேண்டும், என் 'நாள் முழுக்க உட்காருங்கள்' அறிவுரைக்கு அங்கே இடமில்லை. கூட்டம் சேரும் சீசனில் கன்சர்வன்சியை வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். இருபது, இருபத்தைந்து மீட்டர் தூரம் விட்டு நில்லுங்கள், சிங்கமே நெருங்கி வந்தால் அது அதன் விருப்பம். கைடுக்குக் கூடுதல் டிப்ஸ் காட்டித் தடத்தை விட்டு இறங்கச் சொல்பவர்களை நிறையப் பார்த்தேன். பிடிபட்டால் அபராதமும் வேலை இழப்பும் அவருக்குத்தான்.

மசாய் இளைஞர்களுக்குச் சிங்கம் நாம் நினைப்பதுபோல் வெறும் அழகு மட்டும் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். 2015 டிசம்பரில் மாராவின் புகழ்பெற்ற மார்ஷ் கூட்டத்துச் சிங்கங்கள், மாடுகளைக் கொன்றதற்குப் பழியாக வைத்த விஷத்தில் செத்தன. கன்சர்வன்சிக்குக் கொடுக்கும் காசில் நிலக் குத்தகையாக மசாய் குடும்பங்களுக்குப் போய்ச் சேரும் பங்குதான் சிங்கத்தையும் மாட்டையும் ஒரே ஊரில் வாழவைக்கிறது.

இரவும் திரும்பிய பிறகும்

தினமும் இரவு படங்களை இரண்டு இடத்தில் ஏற்றுங்கள், இரண்டையும் ஒரே பையில் வைக்காதீர்கள். அன்றே படங்களை அழிக்க வேண்டாம். கேமராவின் சின்னத் திரையில் மங்கலாய்த் தெரிந்தது வீட்டில் சரியாக இருக்கலாம், மறுதலையும் நடக்கும். ஆனால் ஓர் இருபது படத்தையாவது நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்த்து, கண் கூர்மையா என்று சோதியுங்கள். தவறு முதல் நாளிலேயே பிடிபட்டால் மிச்ச நாட்கள் பிழைக்கும்.

திருத்தும்போது வெள்ளைச் சமநிலையைக் குளிர்ச்சிப் பக்கம் இழுக்காதீர்கள். அந்த மஞ்சள் காலையின் மஞ்சள்தான். சிங்கம் பார்க்கும் பக்கம் இடம் விட்டு வெட்டுங்கள். முகத்தின் குறுக்கே வரும் புல்லை மென்பொருளால் துடைத்தெடுக்க இப்போது எளிது. நான் செய்வதில்லை. சிங்கம் புல்லில் வாழ்கிற மிருகம்.

கடைசியாக ஒரு வேலை. பார்க்கும் ஒவ்வொரு சிங்கத்தின் முகத்தையும் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று தெளிவாக எடுத்துவையுங்கள், அழகாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மீசை முளைக்கும் புள்ளி வரிசைகளில் மேல் வரிசையின் அமைப்பு ஒவ்வொரு சிங்கத்துக்கும் வேறு. ஆய்வாளர்கள் 1970 முதல் இதை வைத்தே ஆளை அடையாளம் காண்கிறார்கள்.

இரண்டாம் பயணத்தின் படங்களை அப்படித்தான் ஒருநாள் பழைய கார்டுப் படங்களோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். புற்றின் மேல் ஏறி நின்று எனக்குக் கிடைத்த ஒரே நல்ல படத்தைத் தந்த பெண் சிங்கம். வலக் கன்னத்தின் மேல் வரிசையில் இரண்டே புள்ளிகள், காது மடலில் ஒரு கிழிசல். முதல் பயணத்தில் உச்சி வெயிலில், மரத்தடியில், கம்பளி மாதிரி கிடந்தது அவள்தான்.